சனிக்கிழமை வளர்ந்த எலும்பு

இந்த ஆய்வுகூடத்தை விட்டுப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதி வைக்க வேண்டும் என்பது இதை நடத்தும் மேடத்தின் கட்டளை. எனக்கு முன் எழுதியவர்கள் எல்லோரும் தலை நரைத்து ஓய்வு பெற்றுப் போனவர்கள். அவர்கள் எழுதியதை நீங்கள் வாசித்திருப்பீர்கள்: பொறுமை, நேர்மை, கடின உழைப்பு. வாசித்துவிட்டுக் கொட்டாவியும் விட்டிருப்பீர்கள். எனக்கு இன்னும் ஒரு நரை மயிர்கூட இல்லை. நான் ஓய்வு பெறுவது மீன்களிடமிருந்து மட்டும்தான். அடுத்த மாதம் முதல் வேறொரு நாட்டில் எலிகளோடு வேலை. அதனால் பொறுமையைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. அப்பா பருத்தித்துறைப் பக்கம் கடற்தொழில். அம்மா எழுத்துக் கூட்டப் பழகுவதற்குள் அவருடைய பள்ளிக்கூடம் ஒரு பக்கமாக இடம்பெயர்ந்தது, அம்மா இன்னொரு பக்கமாக இடம்பெயர்ந்தார். இரண்டும் பிறகு சந்திக்கவில்லை. எங்கள் ஆட்களின் பெயர் அச்சில் வருவதென்றால் அது மரண அறிவித்தலில்தான். அதை வாசிக்கச் சம்பந்தப்பட்டவருக்குக் கொடுத்து வைப்பதில்லை.

எனக்கு மீன் ஆய்வில் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "என்ன மீன்?"

ஸீப்ரா மீன் என்று படத்தைக் காட்டினேன். உடம்பில் நீலக் கோடு போட்ட, சின்னி விரலை விடச் சின்ன மீன்.

"உது நெத்தலியிலும் சின்னனாயெல்லோ கிடக்கு. உதுக்குப் போயோ பல்கலைக்கழகம்?" என்றார் அப்பா.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி. வெட்டாமல், கிழிக்காமல், நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தால் உள்ளே எலும்பு வளர்வதைப் பார்க்கலாம். எலும்பைக் கட்டும் கலங்கள் ஒரு நிறத்தில் ஒளிரும், எலும்பைத் தின்னும் கலங்கள் இன்னொரு நிறத்தில் ஒளிரும். நம்முடைய எலும்பிலும் இதே இரண்டு கூட்டம்தான். ஒன்று கட்டும், மற்றது உடைக்கும், பிரதேச சபை வீதி மாதிரி. மூட்டுவாதம் வந்தவர்களுக்கு உடைக்கிற கூட்டம் கை ஓங்கிவிடுகிறது. அதை அடக்கக் கொடுக்கிற குளிசைகளில் ஒரு வகை, மூட்டு வீக்கத்தைக் குறைத்துவிட்டு, சம்பளமாக எலும்பையும் கரைத்துக்கொண்டு போகும்.

என் அம்மா போடுவது அந்தக் குளிசைதான். கருவாடு போட்டே பழகிய அம்மாவின் விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். கிளினிக்கில் குளிசை எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பவும் கத்தி பிடித்தார்.

எங்கள் ஆய்வின் கேள்வி இதுதான்: அந்தக் குளிசை கரைக்கிற எலும்பைப் பிரண்டைச் சாறு காப்பாற்றுமா?

பிரண்டையைக் கொண்டு வந்தது அண்ணை. எனக்கு மூத்த ஆய்வாளர், உரும்பிராய்த் தோட்டக்காரக் குடும்பம், நெற்றியில் மூன்று வரித் திருநீறு. ஸீப்ரா மீனுக்குப் பக்கவாட்டில் கோடு, அண்ணைக்குக் குறுக்காக. அவர்கள் வீட்டு வேலி முழுக்கப் பிரண்டை. எலும்பு முறிந்தால் பிரண்டையை அரைத்துக் கட்டுவது அவர்கள் பரம்பரையில் உண்டாம். எங்கள் பரம்பரையில் எலும்பு முறிந்தால் கத்துவதுதான் உண்டு.

நான் சேர்ந்த முதல் நாளே அண்ணை எனக்கு ஒரு பதவி தந்தார். படம் எடுத்து முடிந்த மீன்களை மயக்கமருந்துத் தண்ணீரில் போட்டு உயிரை எடுக்கிற பதவி.

"நீர் கடற்கரைப் பிள்ளைதானே. உமக்குக் கை நடுங்காது" என்றார்.

"ஏன் அண்ணை, உங்களுக்கு நடுங்குமோ?"

"எங்கடை வீட்டிலை மரக்கறிதான் தங்கச்சி. எனக்கு மீனின்ரை கண்ணைப் பார்க்கேலாது."

"அப்ப பாராமல் கொல்லுங்கோவன்."

இது பகிடியாகத்தான் போனது. ஆனாலும் கடற்கரைப் பிள்ளைக்குக் கொல்லும் வேலை, தோட்டக்காரப் பிள்ளைக்குச் சாறு பிழியும் வேலை என்று பிரித்த விதத்தை நான் கவனிக்காமல் இல்லை. மனதின் ஒரு மூலையில் போட்டு வைத்தேன். ரோசம் பழுதாகாத பொருள், எப்போதாவது உதவும்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரேயொரு நல்ல நுணுக்குக்காட்டி. மயக்கி, படம் எடுத்து முடிக்க, ஒரு நாளைக்கு ஒரு தொட்டி மீன்தான் சரிவரும். எனவே திட்டம் இப்படி: இரண்டு தொட்டிக்கும் எலும்பைக் கரைக்கும் மருந்து கொடுப்போம். ஒன்றுக்கு மட்டும் கூடவே பிரண்டைச் சாறு. பிரண்டை இல்லாத தொட்டியை வியாழக்கிழமை பார்ப்பது, பிரண்டைத் தொட்டியை வெள்ளிக்கிழமை பார்ப்பது. இரண்டு தொட்டி மீனுக்கும் வயது ஒன்றாக இருக்க வேண்டுமே என்பதற்காக, பிரண்டைத் தொட்டிக்கு ஒரு நாள் பிந்தித்தான் முட்டை எடுப்போம். கடதாசியில் பார்த்தால் அழகான திட்டம்.

ஆனால் வெள்ளிக்கிழமை உயிர் எடுக்கலாமா?

இதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அண்ணைக்கு வெள்ளி விரதம். மேடம் வெள்ளியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். கன்டீனில் அன்றைக்கு முட்டைக்கும் இடமில்லை. மீன் பிடித்தே சீவிக்கும் எங்கள் வீட்டில்கூட வெள்ளிக்கிழமை மீன் சட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். அப்பா பிடித்த மீனை ஊருக்கு விற்றுவிட்டு, கத்தரிக்காய்க் குழம்போடு சோறு தின்பார். எனவே வெள்ளியில் செய்ய வேண்டிய வேலை தானாகவே சனிக்கு நகர்ந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி. முடிவு என்று ஒன்றை எடுத்திருந்தால் அதைப் பற்றி யோசித்திருப்போம். நாங்கள் எடுக்கவேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் மீன்களுக்கு ஒரு நாள் ஆயுள் கூடியது, எங்களுக்கு ஒரு நாள் புண்ணியம் கூடியது. சனிக்கிழமை கொன்றால் பாவம் குறைவா என்று அண்ணையிடம் ஒருமுறை கேட்டேன். "விசர்க் கதை கதையாதையும்" என்றார். அதோடு சரி.

முடிவுகள் அமோகமாக வந்தன. கிழமைக்குக் கிழமை, வாரம் தவறாமல், பிரண்டைத் தொட்டி மீன்களின் எலும்பு சாயம் ஏறிப் பளிச்சென்று சிவந்து நின்றது. மற்றத் தொட்டி மீன்கள் பாவம், அரைகுறை. அண்ணை வேலியைப் பார்த்துக் கும்பிடாத குறை. மேடம் தன்னுடைய முழங்காலுக்கு இரகசியமாகப் பிரண்டைத் துவையல் சாப்பிடத் தொடங்கினார். புளி போதாமல் தொண்டை கடித்து ஒரு நாள் விரிவுரையே நின்றதால் அது இரகசியமாக இருக்கவில்லை.

கொழும்பில் நடக்கும் மாநாடு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம். மேடம் என் பெயரை முதலாவதாகப் போட்டார். மேடையில் ஏறிச் சொல்லப் போவதும் நான். அந்த வாரச் சனியிரவே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "என்ரை பேர் புத்தகத்திலை வரப்போகுதம்மா, உயிரோடை இருக்கேக்கையே."

அம்மா அடுத்த நாளே கரை முழுக்கச் சொல்லி முடித்தார். மூட்டு நோவுக்குத் தன் பிள்ளை மருந்து கண்டுபிடித்துவிட்டதாக.

பிறகு அண்ணையின் தங்கைக்குக் கலியாணம் வந்தது.

அந்தக் கிழமை அண்ணை லீவு. மேடம் கொழும்பில் கூட்டம். ஆய்வுகூடமும் மீன்களும் என் பொறுப்பு. வியாழக்கிழமை வேலை ஒழுங்காக முடிந்தது. சனிக்கிழமை முழு நாளும் மின்சாரம் இல்லை என்று அறிவித்தல் வந்திருந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் நுணுக்குக்காட்டி இரும்புத் துண்டு. எனவே பிரண்டைத் தொட்டியை வெள்ளிக்கிழமையே பார்த்தேன், திட்டத்தில் உள்ளபடி. பிள்ளையாரிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு உயிரையும் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிரண்டைத் தொட்டி எலும்பும் மற்றத் தொட்டி எலும்பும் ஒரே மாதிரி. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

திங்கட்கிழமை மேடம் படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"பிள்ளை, என்ன செய்தனீர்?"

"வழமையாச் செய்யிறதுதான் மேடம்."

"சாறு அளவாய் விட்டனீரோ?"

"ஓம்."

அண்ணை கலியாண வீட்டுப் பலகாரப் பொதியோடு வந்து நின்றார். பயற்றம் பணியாரத்தை என் மேசையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சனி கரண்ட் இல்லையெண்டு வெள்ளிக்கிழமை கை வைச்சா உப்பிடித்தான் வரும்."

"அண்ணை, மீனுக்குக் கிழமை தெரியுமோ?"

"மீனுக்குத் தெரியாது. மேலை இருக்கிறவருக்குத் தெரியும்."

மேடம் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கிழமையை விடும் பிள்ளை. ஏதோ கைப்பிசகு. ஒரு கிழமை பிசகினா அதைச் சேர்க்காமல் விடுறது ஆய்விலை நடக்கிறதுதான். மாநாட்டுக்கு மிச்சத்தைக் கொண்டு போவம்."

கைப்பிசகு. கொல்லும்போது கடற்கரைப் பிள்ளைக்குக் கை நடுங்காது. பிழைத்தால் மட்டும் அது கடற்கரைப் பிள்ளையின் கைப்பிசகு.

உண்மையைத் தேடித்தான் நான் அடுத்ததைச் செய்தேன் என்று எழுதினால் நீங்கள் என்னை மதிப்பீர்கள். ஆனால் அது ரோசம். பணியாரத்தை எடுத்துக் கடித்தேன். நல்ல பணியாரம், அது வேறு கோபத்தைக் கிளப்பியது. என் கையில் பிசகில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்தக் கிழமையில் வேறு என்ன மாறியது? அதே சாறு, அதே தண்ணீர், அதே மீன். மாறியது ஒன்றே ஒன்று. அண்ணை சொன்ன அதே ஒன்று. வெள்ளிக்கிழமை.

பணியாரம் வாயிலேயே நின்றுவிட்டது.

வெள்ளியில் பார்த்தபோதுதான் இரண்டு தொட்டி மீனுக்கும் ஒரே வயது. மற்றக் கிழமைகளில் பிரண்டைத் தொட்டி மீன்கள் ஒரு நாள் மூத்தவை. நமக்கு ஒரு நாள் என்பது ஒன்றுமில்லை. பிறந்து சில நாளே ஆன மீன் குஞ்சுக்கு ஒரு நாள் என்பது கால்சட்டை போட்ட பொடியன் மீசை முளைத்து வருகிற மாதிரி. நாங்கள் இத்தனை மாதமும் தம்பியையும் அண்ணனையும் பக்கத்தில் நிறுத்தி, அண்ணன் உயரம், அவன் தின்ற பிரண்டைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அண்ணை சொன்னது சரி, வெள்ளிக்கிழமைதான் காரணம். மேலே இருப்பவரைத் தேவையில்லாமல் இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். இது என் ஊகம் மட்டுமே. அதோடு, சொன்னால் போகப் போவது என் பெயர். எங்கள் குடும்பத்தில் முதல் முதலாக அச்சேறப் போகும் பெயர். சொல்லாவிட்டால் கைப்பிசகுக்காரி என்ற பட்டம் ஒரு மாதத்தில் மறந்துபோகும், மாநாட்டுப் பெயர் நிற்கும். கணக்குப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இலாபம். வெள்ளி வரைக்கும் மூடிக்கொண்டும் இருந்தேன். ரோசம் ஒரு பக்கம் இழுத்தது, ஆசை மறுபக்கம் இழுத்தது. இரண்டும் நல்ல பலசாலிகள்.

அந்த வார முடிவில் வீட்டுக்குப் போனேன். அம்மா குசினியில் உரலுக்கு முன்னால் இருந்து ஏதோ இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, நண்டு பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். உரலுக்குள் பச்சைப் பச்சையாகப் பிரண்டை.

"என்னம்மா இது? கை இப்பிடி வீங்கிக் கிடக்கு!"

"வீங்கும். மருந்து பிடிக்கத் துவங்கேக்கை அப்பிடித்தான் வீங்குமாம்."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

கிளினிக் குளிசைகள் யன்னலோரம் பையோடு கிடந்தன. திறக்கவேயில்லை.

"அம்மா, குளிசை போடேல்லையோ?"

"அது எலும்பைக் கரைக்கும் எண்டு நீதானே சொன்னனீ. இது எலும்பை வளர்க்கும் எண்டும் நீதானே சொன்னனீ. பேந்து எந்த விசரி அதைப் போடுவாள்?"

"நான் மீனைப் பற்றியெல்லோ சொன்னனான்!"

"மீனுக்கு நல்லதெண்டா, மீனைத் தின்னிற எங்களுக்கு நல்லமில்லையோ?"

அந்தக் குளிசையை அப்படித் திடீரென்று நிறுத்தக்கூடாது, ஆபத்து என்றேன். வீக்கம் எல்லா மூட்டுக்கும் ஏறும் என்றேன். கத்தினேன். அம்மா உலக்கையை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"எடி பிள்ளை, நீ கண்டுபிடிச்சது சரியோ பிழையோ?"

நான் யன்னலோரம் கிடந்த குளிசைப் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"சரியெண்டா நான் உதைக் குடிக்கிறன். பிழையெண்டா பிழையெண்டு சொல்லு, குளிசையைப் போடுறன். ரெண்டும் இல்லாமல் நடுவிலை நிண்டு கத்தாதை."

இது எங்கள் துறையில் யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்காத கேள்வி.

"எனக்கு இன்னும் வடிவாத் தெரியாதம்மா" என்றேன். "தெரிஞ்சுகொண்டு வந்து சொல்லுறன். அதுமட்டும் குளிசையைப் போடுங்கோ. திங்கட்கிழமை நானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏசினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா, "உன்ரை படிப்பாலை எனக்கு ஏச்சு" என்றார். ஆனால் குளிசையைப் போடச் சம்மதித்தார். நான் பதிலோடு வரும் வரைக்கும் மட்டும் என்ற நிபந்தனையோடு. வரப் பிந்தினால் திரும்பவும் பிரண்டை.

நான் செய்த பரிசோதனை மிகவும் எளிது. ஒரே நாள் முட்டைகள், இரண்டு தொட்டி. இரண்டுக்கும் எலும்பைக் கரைக்கும் மருந்து, வழமைபோல. பிரண்டை எதற்கும் ஒரு துளிகூட இல்லை. ஒரு தொட்டியை ஒரு நாள் பார்த்தேன், மற்றதை அடுத்த நாள் பார்த்தேன். பிறகு படங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கணினியில் போட்டுவிட்டு, மேடத்தையும் அண்ணையையும் கூப்பிட்டேன். பிரண்டை இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"எது பிரண்டைத் தொட்டி, சொல்லுங்கோ பாப்பம்."

அண்ணை நாற்காலியில் இருக்கவுமில்லை. வலப்பக்கத்தை விரலால் தொட்டார். "இது. இதை நித்திரையிலும் சொல்லுவன். பாரும் எலும்பு எப்பிடிச் சிவந்திருக்கெண்டு. சாறு இந்த முறை நல்ல சாறு. நான் பார்த்துப் பிழிஞ்சது."

மேடமும் தலையாட்டினார். "ஓம், வலது. நல்ல வடிவாய் வந்திருக்கு பிள்ளை. அப்ப அண்டைக்குக் கைப்பிசகுதான்."

"ரெண்டிலும் பிரண்டை இல்லை மேடம்."

காற்றுக் குமிழ்கள் தொட்டிகளில் குளுகுளுவென்று சிரித்துக்கொண்டிருந்தன.

"அப்ப இது என்ன?" என்றார் அண்ணை, விரலை எடுக்காமலே.

"ஒரு நாள், அண்ணை. நாங்கள் வெள்ளியைச் சனியாக்கினம். எலும்பை வளர்த்தது உங்கடை வேலியில்லை. சனிக்கிழமை."

அண்ணை விரலை மெதுவாக எடுத்தார். எத்தனையோ கிழமைப் படங்கள் அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும். "சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணை எரிச்சது வீண் போகேல்லை" என்றார் கடைசியில். அவர் முகத்தில் திருநீறு மட்டும்தான் வெள்ளை என்று சொல்ல முடியவில்லை.

மேடம் எழும்பி யன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"மாநாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போயிட்டுது, தெரியுமோ?"

"தெரியும் மேடம்."

"உம்மடை பேர் முதல் பேர். இதைச் சொன்னா உமக்குத்தான் முதல் அடி."

"கைப்பிசகு எண்டு சொன்னதுக்கும் நான்தானே முதல் பேர்."

மேடம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். பதிலாக, "அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கிறன்" என்றார். நீட்டி மன்னிப்புக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், இதற்கு அழத் தேவை வரவில்லை. பிறகு, "கொழும்பிலை போய் வெள்ளிக்கிழமை எண்டு சொல்லாதையும். ஏதும் நிர்வாகக் காரணம் எண்டு சொல்லும்" என்றார். "சிரிப்பினம்."

"சிரிச்சா நல்லம் மேடம். சிரிச்ச விசயத்தை மறக்காயினம்."

அவர் மறுக்கவில்லை. பையைத் திறந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த துவையல் டப்பாவை அண்ணையின் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

மாநாட்டில் வெள்ளிக்கிழமை என்றே சொன்னேன். சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, தங்கள் இடத்தில் பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் ஆய்வுகூடம் பூட்டுவார்கள் என்றும், தான் உடனே போய் ஒரு விசயம் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, தேநீரைக் குடியாமலே போனார். அவருடைய மீன்கள் என்னவாயின என்று எனக்குத் தெரியாது.

பிரண்டை என்ன செய்யும் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பிறகு ஒழுங்காக, ஒரே முட்டை, ஒரே நாள் என்று திரும்பச் செய்தோம். எங்கள் மீன்களில், நாங்கள் கொடுத்த அளவில், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிரண்டையைப் பற்றிய கடைசி வார்த்தை இதுவல்ல. புளி சரியாக விட்டால் துவையல் நல்ல துவையல்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை வேலை வெள்ளிக்கிழமையே நடக்கிறது. அன்றைக்கு உயிர் எடுப்பது யார் என்று ஒரு பிரச்சினை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை சட்டைக் கையை மடித்தார். முதல் நாள் அவருக்குக் கை நடுங்கியது உண்மை. நான் பக்கத்தில் நின்றேன். இப்போது முறை வைத்துச் செய்கிறோம். நீங்களும் அதில் சேர வேண்டும். ஊர், கரை, தோட்டம், எந்தப் பிள்ளையானாலும் முறை வரும்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் யோசித்துச் செய்கிற பிழையை யாராவது பிடித்துவிடுவார்கள். யோசிக்காமல், நல்ல பிள்ளையாக, வீட்டில் பழக்கியபடி செய்கிறதை ஒருவரும் பிடிக்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களும் அதே வீட்டுப் பிள்ளைகள். அதைப் பிடிக்கச் சிலவேளை ஒரு மின்வெட்டு வர வேண்டியிருக்கும்.

மாநாட்டுப் புத்தகத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது அச்சானபோது நாங்கள் அனுப்பிய பழைய சுருக்கம்தான் இருந்தது. பிரண்டை எலும்பை வளர்க்கும் என்று என் பெயருக்குக் கீழே கறுப்பு மையில் அழகாக அச்சாகியிருக்கிறது. மாற்ற முடியவில்லை. என் பிரதியில் அந்தப் பந்தியின் ஓரத்தில் நீலப் பேனையால் 'இது பிழை' என்று எழுதினேன். அம்மாவுக்கு இரண்டையும் வாசிக்கத் தெரியாது. என் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். பிறகு பிழையென்பதையும் சொன்னேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.

அம்மா எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து, எனக்கு முன்னாலேயே குளிசையைப் போட்டார்.

புத்தகம் இப்போது சாமிப் படத் தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், பொலித்தீன் உறை போட்டு இருக்கிறது. எடுத்துவிடுங்கோ, வெட்கமாக இருக்கிறது என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை. போன கிழமை நான் பயணம் சொல்லப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி வந்தார். அம்மா கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார், சரியான பக்கத்தை விரித்தார், வீக்கம் வற்றிய விரலை என் பெயரில் வைத்தார்.

"இதுதான் என்ரை பிள்ளையின்ரை பேர். இதிலை எழுதிக் கிடக்கிறது முழுக்கப் பிழையாம்" என்றார் அம்மா, தலையை நிமிர்த்திக்கொண்டு. "பிழையெண்டு கண்டுபிடிச்சதும் இவள்தான்."